ஆணியில் கட்டிய நோன்புக் கயிறு

திண்டிவனத்தில் என் மாமியார் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் நூல் கோத்த பஞ்சாங்கம் தொங்கும். பஞ்சாங்கத்துக்கு மேலே, ஆணியின் கழுத்தைச் சுற்றி, மஞ்சள் நோன்புக் கயிறுகள் கட்டியிருக்கும். சித்திரை பிறந்தால் பழைய பஞ்சாங்கத்தைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டுவார்கள். கயிறுகளை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். வருஷத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போனது. முதலில் கட்டியவை நிறம் போய்ச் சாக்குத் தைக்கிற நூல் மாதிரி ஆகிவிட்டிருந்தன.

விளம்பி வருஷம் தை மாதம் நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தேன். விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கத்தில் என் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. நாலு பேர் வந்து போகிற இடத்தில் வளர்ந்ததாலோ என்னவோ எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வந்த மறுநாளே, "இன்னாங்க இது, ஆணிக்கு நோன்பு கட்டியிருக்கீங்க?" என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் கண்ணால் அடுக்களையைக் காட்டினார். அங்கிருந்து மாமியார் குரல் வந்தது.

"அது என் பெரிய புள்ளையோட கயிறு. அவன் வந்து கட்டிக்குவான்."

அந்தப் பெரிய பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. என் கணவருக்கு அண்ணன். விஜய வருஷம் வைகாசியில், நான் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால், அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண், மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அந்த வருஷம் ஐப்பசியில் தலைதீபாவளிக்கு மாமனார் வீடு போக வேண்டியவர், தீபாவளிக்கு முன்னால் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை வியாபார விஷயமாக விழுப்புரம் போனார். "நோன்புக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. விழுப்புரம் நாலு பக்கமும் ரயில் பிரிகிற ஊர். மதராஸ் போகலாம், திருச்சி போகலாம், காட்பாடி போகலாம், புதுச்சேரி போகலாம். எல்லாப் பக்கமும் ஆள் போய்த் தேடிவிட்டுத் திரும்பினார்கள்.

அவருடைய மனைவியைத்தான் நான் அக்கா என்று கூப்பிட்டேன். ஓரகத்தி என்று சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை. நான் போனபோது அவளுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. காலையில் எழுவாள், குளிப்பாள், மஞ்சள் பூசி நெற்றியில் குங்குமம் வைப்பாள், அடுப்படியில் உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள். சிரிக்கிற விஷயத்துக்குச் சிரிப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒருநாள் சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிட்டது. கையை உதறிவிட்டு மீதிக் கஞ்சியையும் வடித்துவிட்டுத்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். நான்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் நோன்பு என்றால் ஐப்பசி அமாவாசையில் வருகிற கேதார கௌரி நோன்பு. தீபாவளி அன்றைக்கே வந்தாலும் வரும், மறுநாள் வந்தாலும் வரும், பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்வார்கள். புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்டாட்டி பட்டினி கிடந்து, அதிரசம் சுட்டு, புதுச் சட்டியில் அடுக்கிப் படைப்பாள். சாயங்காலம் வீட்டில் எல்லாரும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வோம். அதே அமாவாசைதான் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற நாளும். புருஷன் இருக்கிறவள் கயிறு கட்டுவாள். இல்லாதவள் விரதம் இருந்து இலை போடுவாள். ஒருத்திக்கு இரண்டில் ஒன்றுதான் உண்டு. அக்காவுக்கு எது என்பதுதான் அந்த வீட்டில் தீராத வழக்கு.

மாமியாரைப் பொறுத்தவரை வழக்கே இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறான், மருமகள் கயிறு கட்டுகிறாள், அவ்வளவுதான். மாமனாருக்கு அவ்வளவு நிச்சயம் கிடையாது. புரட்டாசி அமாவாசைக்கு ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அப்பா, தாத்தா என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையில் தண்ணீரோடு நிற்பாராம். என் கணவர் சொல்வார். பெரிய மகன் பெயரையும் சொல்லலாமா வேண்டாமா என்று நிற்கிற நிலை அது. சொல்லிவிட்டு, ஆள் எங்காவது உயிரோடு இருந்தால் அவன் ஆயுசைக் குறைத்த பாவம் வரும். சொல்லாமல் விட்டு, ஆள் செத்திருந்தால் அவன் தாகத்தோடு அலைவான். கடைசியில் கையிலிருக்கிற தண்ணீரை ஏரியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

அக்காவின் வருஷம் முழுக்க இப்படித்தான் இருந்தது. ஆடிப் பெருக்குக்குத் தாலிக் கயிறு மாற்றுகிறபோது மாமியார் முதலில் அவளுக்குத்தான் மாற்றுவார். ஆனால் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் ஆரத்தித் தட்டை என் கையில் கொடுப்பார்கள். அவளைக் கூப்பிடாமலும் இருக்க மாட்டார்கள், முன்னால் நிறுத்தவும் மாட்டார்கள். வாசலில் மஞ்சள் குங்குமம் கொடுக்கிறவள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை நீட்டுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் திகைப்பாள். எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் பற்றிக்கொண்டு வரும். அக்கா தானே விரலை நீட்டி எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அந்த வீட்டில் கறிவேப்பிலை தாளிக்க மாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய பேஜாராக இருந்தது. ரசத்தைப் பார்த்தால் வெந்நீர் மாதிரி இருக்கும். கொல்லையில் கறிவேப்பிலை மரம் தழைத்து நிற்கிறது, அக்கம்பக்கத்தார் வந்து ஒடித்துக்கொண்டு போகிறார்கள், நாங்கள் மட்டும் போடக் கூடாது.

"அவனுக்கு ஆவாது. ஒண்ணொண்ணாப் பொறுக்கி இலை ஓரமா வரிசையா அடுக்கிக்கினு இருப்பான். சோறு ஆறிப்பூடும்" என்பார் மாமியார்.

"அவரு வர்றன்னைக்குப் போடாம இருந்தா ஆவாதா அத்தே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எந்த வேளைக்கு வருவான்னு சொல்லிட்டா போனான்?" என்றார். அன்றிலிருந்து நானும் கறிவேப்பிலை இல்லாத ரசத்துக்குப் பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் வருஷத்தைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். சித்திரை முதல் நாள் மாமனார் புதுப் பஞ்சாங்கத்துக்கு மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்து, பிறகு சத்தமாகப் படிப்பார். இந்த வருஷம் மழை எத்தனை மரக்கால், நவதானியம் எப்படி, மல்லாட்டை விலை ஏறுமா என்று எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கும். விகாரி வந்தது, சார்வரி வந்தது, பிலவ வந்தது. எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மாமனார் படித்து முடித்ததும் மாமியார் தவறாமல், "பெரியவன் ராசிக்கு இன்னா போட்டிருக்குது?" என்று கேட்பார். பஞ்சாங்கத்தில் அவர் ராசிக்கும் ஒரு பலன் இருக்கத்தான் செய்தது. தூரப் பயணம், தன லாபம், கண் நோய் என்று ஏதாவது. மாமனார் அதையும் படிப்பார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களோடு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆனால் நோன்பு அன்றைக்கு அந்த வீட்டில் அக்காதான் ராணி. அதிரசத்துக்கு அவள் பாகு வைத்தால் ஒருநாளும் தவறாது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் இடித்துச் சலித்து, வெல்லப் பாகு காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாள். சரியான பதம் வந்ததும் இறக்கிவிடுவாள். எண்ணெயில் போட்டால் ஒவ்வொன்றும் வட்டமாக உப்பி எழும்பும். சாயங்காலம் படையல் ஆனதும் எனக்குக் கயிறு கட்டிவிடுவாள். பிறகு மாமியார் ஒரு கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுப்பார். அவள் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி ஆணியில் அதைக் கட்டுவாள். கட்டிவிட்டு இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சாப்பாடு போடுவாள்.

அந்த நேரங்களில் எனக்கு மாமியார்மேல் ஆத்திரமாக வரும். ஐந்து மாதம்தான் வாழ்ந்தாள் அந்தப் பெண். அந்த ஐந்து மாதத்துக்காக இத்தனை வருஷம் ஆணிக்குக் கயிறு கட்ட வைக்கிறாரே என்று என் கணவரிடம் பொரிந்து தள்ளுவேன். "அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்பார் அவர். அவர் பேசுகிற நீளமான வாக்கியமே அதுதான்.

குரோதி வருஷம் ஆவணியில் இரண்டாவது பிரசவத்துக்கு நான் விழுப்புரம் போயிருந்தேன். பையன் பிறந்தான். பிள்ளையைப் பார்க்க அக்கா பிரசவ லேகியம் கிண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் தங்கினாள். என் அம்மாவோடு உட்கார்ந்து பழமை பேசினாள். அந்த ஊருக்கு வெளியே அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தாள். ரசத்தில் கறிவேப்பிலை மிதப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டு ரசம் மணக்குதே" என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பிப் போகிற அன்று காலை என் அப்பா அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். உச்சி வேளைக்கு அவள் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வண்டிய உட்டுட்டேன்" என்றாள்.

"வண்டியே லேட்டாத்தானே வந்துச்சி, எப்பிடி உட்ட?" என்று அப்பா கேட்டார்.

"பாக்கல" என்றாள்.

என் அம்மா விடாமல் கேலி செய்தாள். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்து ரயிலை விட்டவள் உலகத்தில் நீ ஒருத்திதான் என்றாள். அக்கா சிரித்தாள். சோறு போட்டதற்குப் பசிக்கவில்லை என்றாள். என் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தாள். மறுநாள் பஸ்ஸில் போனாள்.

நான் திண்டிவனம் திரும்பியபோது ஐப்பசி பிறந்துவிட்டது. அந்த வருஷ நோன்புக்குத்தான் அதிரசம் கெட்டது. நான் பக்கத்திலேயே இருந்தேன். அக்கா வழக்கம்போலப் பாகு காய்ச்சினாள். சொட்டு விட்டுப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. தட்டி எண்ணெயில் போட்ட முதல் அதிரசம் அப்படியே பிரிந்து கலைந்து எண்ணெய் முழுக்கத் தூளாகப் பரவியது. அடுத்ததைப் போட்டாள். அதுவும் பிரிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மாமியார் வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போய்விட்டது.

எங்களில் நோன்பு அதிரசம் பிரிந்தால் அது புருஷனுக்கு ஆகாது என்பார்கள். மற்ற வீடுகளில் உடனே யாரிடமாவது மாவு கடன் வாங்கிச் சுட்டுச் சமாளித்துவிட்டு, சாயங்காலம் புருஷனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் சுற்றிப்போட ஆள் இல்லையே. பக்கத்து வீட்டு மாவில் சுட்டுப் படைத்தோம். அக்கா முக்காலியில் ஏறி ஆணியில் கயிறு கட்டினாள். மாமியார் அந்த வருஷம் கயிற்றைக் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு மாமியார் பிள்ளையைப் பற்றிப் பேசுவது குறைந்தது. விசுவாவசு வருஷம் பிறந்தபோது மாமனார் பஞ்சாங்கம் படித்து முடித்தார். பெரியவன் ராசிக்கு என்ன என்று மாமியார் கேட்கவில்லை. எல்லாரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். கேட்காததால் மாமனார் பஞ்சாங்கத்தை மூடி ஆணியில் மாட்டினார்.

ஆடி கழிந்ததும் பஞ்சாங்கம் பார்க்கிற ஐயரை மாமனார் வீட்டுக்கு வரச் சொன்னார். காணாமல் போனவரைப் பன்னிரண்டு வருஷம் பார்க்கலாம், அதற்கு மேல் தகவல் இல்லை என்றால் செத்தவராக வைத்துக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த ஐப்பசியோடு பன்னிரண்டு முடிகிறது.

"செத்த திதி தெரியாதே சாமி. எதை வச்சிப் பண்றது?" என்று மாமனார் கேட்டார்.

"திதி தெரியாதவாளுக்கு அமாவாசை. மாசம், அவன் ஆத்தை விட்டுக் கிளம்பின மாசம்" என்றார் ஐயர்.

"அப்போ ஐப்பசி அமாவாசை."

"அதான்."

நோன்பு நாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்க்கிற புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் தாலியை எடுப்பதற்கு நாள் பார்க்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

"நோன்பு நாள்லதான் தாலிய எடுக்கணும்னு போட்டிருக்குதா அதுல?" என்றேன்.

"நீ உள்ள போம்மா" என்றார் மாமனார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் இதை நடக்கவிட மாட்டார், இப்போது எழுந்து சத்தம் போடுவார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த அவருடைய பிடிவாதத்தை அன்றைக்கு நானே எதிர்பார்த்தேன். அவர், "போன வருசமே அம்மன் காட்டிட்டா. அதிரசம் பிரிஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றார். அவ்வளவுதான்.

ஐயர், "அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கோ" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அக்கா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பண்ணிடுங்க" என்றாள். உலையில் அரிசி போடலாமா என்று கேட்டால் போடுங்கள் என்பது மாதிரிதான் சொன்னாள்.

அந்த அமாவாசை அன்று தெருவில் வீட்டுக்கு வீடு அதிரச வாசனை. எங்கள் வீட்டு ஆண்கள் ஏரிக்கரைக்குப் போய், தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் முடைந்து எரித்துவிட்டு வந்தார்கள். என் கணவர் கொள்ளி வைத்தார். முகம் தெரியாத ஒருவருக்காக நானும் தலை முழுகினேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்த உறவுப் பெண்களும் அக்காவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள், எதைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் சீக்கிரமே ஓய்ந்துவிட்டார்கள். சொல்லி அழ ஒரு சாவு வேண்டுமல்லவா? இருந்தது ஒரு பிடி புல்தான்.

கருமாதிக்கு மண்டகப்பட்டிலிருந்து அக்காவின் தம்பி கோடிப் புடவை கொண்டுவந்தான். வளையலை உடைத்தார்கள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன், பார்க்கவில்லை. உள்ளே வந்தபோது அக்கா நெற்றி வெறுமையாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கையைக் காலைக் கிள்ளினாலும் வலிக்காது என்கிற மாதிரி இருந்தது. மாமனார் முக்காலியில் ஏறி ஆணியிலிருந்த கயிறுகளை அறுத்து எடுத்து, மற்ற சாமான்களோடு ஏரியில் விடக் கொடுத்தார். ஆணியின் கழுத்து மட்டும் துருப் பிடிக்காமல் பளபளவென்று இருந்தது.

அடுத்தது பராபவ வருஷம். தீட்டு வருஷம் என்று எனக்கும் நின்றுபோன நோன்பை, என் அம்மா விழுப்புரத்திலிருந்து வந்து மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஆக அந்த ஐப்பசி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. உச்சியில் மூத்தவருக்குத் தலைத்திதிப் படையல். சாயங்காலம் எனக்கு நோன்பு. நோன்பு மாவை இனி அக்கா தொடக் கூடாது. நான் ஒரு மூலையில் பாகோடு மல்லுக்கட்டினேன். அவள் அடுத்த அடுப்பில் புருஷனுக்குச் சமைத்தாள். வாழைக்காய், பூசணிக்காய்ச் சாம்பார், வடை, பாயசம். "கறிவேப்பிலை போட்டுடாத" என்று மாமியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா தலையாட்டினாள். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "போதும், எறக்கு" என்று என் பாகுக்கும் பதம் சொன்னாள். என் அதிரசம் ஒன்றுகூடப் பிரியவில்லை.

தர்ப்பணத்துக்கு ஆண்கள் ஏரிக்குக் கிளம்பினார்கள். முதல் வருஷம் என்று மாமியாரும் என் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே போனார். சின்னவன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுக்களைக்குள் திரும்பி வந்தேன். அக்கா ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படைத்து, காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் அவள் வாயில் தண்ணீர்கூடப் படலாம்.

"அக்கா! இன்னும் படைக்கலக்கா. அவங்க ஏரியிலேர்ந்து வரல."

"பசிக்குதுடி."

"இன்னிக்கு வெரதங்க்கா. அவருக்குத் தலைத்திதி."

"யாருக்கு வெரதம் இருக்கறது? அவரு இந்நேரம் சாப்ட்டுக்கினு இருப்பாரு."

மேலோகத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். புத்தி பிசகிவிட்டதோ என்றும் பயந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். அவள் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"உங்க ஊரு ஸ்டேஷன்ல பாத்தேன். எதிர்ப் பிளாட்பாரத்துல. ஒரு பொம்பள, ரெண்டு பசங்க. பொட்டலத்தப் பிரிச்சி வச்சிக்கினு சாப்ட்டுக்கினு இருந்தாங்க. ஒராளு கறிவேப்பிலையப் பொறுக்கிப் பொறுக்கி இலை ஓரமா அடுக்கிக்கினு இருந்தாரு. அதப் பாத்துட்டுத்தான் மூஞ்சியப் பாத்தேன்."

"அவரு உங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு. பாத்துட்டு இலையப் பாத்தாரு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? சோத்த முழுசும் சாப்ட்டாரு. கை கழுவுனாரு. அவங்க வண்டி வந்திச்சி, ஏறிட்டாங்க. என் வண்டியும் வந்திச்சி போல. நான் பாக்கல."

"வூட்டுல சொல்லியிருக்கலாமேக்கா. அவங்க இப்பிடி உங்களை…" நான் முடிக்கவில்லை. அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு அதை எப்படி முடிப்பது?

"சொன்னா அத்தை உட்டுடுவாங்களா? தேடிப் புடிச்சி, அந்தப் பொம்பளையையும் பசங்களையும் சேத்து இட்டாந்து வச்சிக்குவாங்க. நான் அத்தினி பேருக்கும் அதிரசம் சுடணும்." தண்ணீர் குடித்தாள். "அந்த வருசம் பாகு காச்சிக்கினு நெனச்சேன். நான் இங்க பட்டினி கெடந்து கயிறு கட்டுறேன், அவரு அங்க நல்லா இருக்காரு. நோன்பு பலிச்சிதான் இருக்குதுன்னு நெனச்சேன். நெனச்சிக்கினே பதம் பாக்காம எறக்கிட்டேன்."

அதிரசம் பிரிந்தது அதனால்தான். அதைப் பார்த்துத்தான் மாமியார் பிள்ளை செத்துவிட்டான் என்று நம்பினார். எனக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, அந்த ஆளை இழுத்து வைத்து நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. அக்காவின் முகத்தில் இரண்டும் இல்லை. இலையில் மீதியிருந்த சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

"கோவம் வரலியாக்கா?"

"அன்னிக்கே வரலடி. இனிமே கயிறு கட்ட வேணாம்னு மட்டும் இருந்திச்சி."

நான் கரண்டியை எடுத்து அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து இலையைக் கொல்லையில் எருக்குழியில் போட்டுவிட்டு வந்து, சாணம் போட்டு இடத்தைத் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஏரியிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைவாழை இலையில் அத்தனையும் பரிமாறிக் கற்பூரம் காட்டினார்கள். மாமியார் சோற்றுருண்டையைக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்ட குரல் தெருவுக்கே கேட்டது. கறிவேப்பிலை மரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கி வந்து கொத்தியது.

"வந்துட்டான்! எம்புள்ள வந்துட்டான் பாருங்க!" என்று மாமியார் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பதின்மூன்று வருஷமாக நனையாத கண், கொட்டித் தீர்த்தது. மாமனார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்று கை கூப்பினாள்.

மாமியார் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அக்காவின் கன்னத்தைத் தொட்டார்.

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலியேம்மா நீ. அவந்தான் சாப்ட்டுட்டானே, நீ உக்காந்து சாப்புடு."

அக்கா போய் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான்தான் பரிமாறினேன். வைத்ததை எல்லாம் முழுசும் சாப்பிட்டாள்.